அண்ணன் பார்க்காத கல்யாணம்

லோசாவுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. அது கல்யாணம்தான் என்று ஆஸ்திரேலிய அரசாங்கத்தை நம்பவைக்கும் வேலை மட்டும் முடிந்தபாடில்லை. புருஷன் சேமிசி பசிபிக் கடலில் இருக்கும் டோங்கா நாட்டில், வவாவு தீவில், பன்றிகளுக்குத் தேங்காய் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். லோசா சிட்னிக்கு மேற்கே மவுண்ட் ட்ரூயிட்டில், முதியோர் இல்லமொன்றில் வெள்ளைக்காரக் கிழங்களைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, உண்டு. பி.ஆர். உள்ளவள் புருஷனை ஸ்பான்சர் செய்து அழைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அழைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்கிறது. எந்த ஜென்மத்தில் என்று சொல்லவில்லை.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஒரு பிள்ளை வேண்டும். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை; பிள்ளை வேண்டும், அதற்குப் புருஷன் பக்கத்தில் வேண்டும், அதற்கு விசா வேண்டும். குடியேற்ற இலாகாவில் பைல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தூங்கலாம். அவள் உடம்பு தூங்காது. ஒவ்வொரு மாதமும் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுவாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு டியூட்டிக்குப் போவாள்.

விசா ஏஜெண்ட் பெயர் கிரெய்க். சிவந்த முகம், அரைக்கைச் சட்டை, வாயில் எப்போதும் மென்று பாதியான பிஸ்கட். கல்யாண போட்டோக்களைக் கொண்டுவரச் சொன்னார். லோசா பெருமையோடு ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போனாள். வவாவுவில் ஊரே கூடி நடந்த கல்யாணம். சுட்ட பன்றி மட்டும் நாற்பதுக்குக் குறையாது. கிரெய்க் ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல மாப்பிள்ளை யாரு?"

"இதோ, இவருதான்."

"இது பன்னிம்மா."

"பன்னிக்குப் பின்னால பாருங்க."

பார்த்தார். பன்றியின் காதுக்கு மேலே சேமிசியின் நெற்றி தெரிந்தது. அடுத்த படத்தில் மணப்பெண்ணைச் சுற்றி அத்தனை பாயும் மரப்பட்டைத் துணியும் சுற்றியிருந்ததால் கப்பலில் ஏற்ற வைத்த சாமான் மூட்டை மாதிரி இருந்தாள். அதற்கடுத்த பத்துப் படங்களிலும் நடுநாயகமாக வீற்றிருந்தது லோசாவின் அப்பாவோடு பிறந்த வீக்கா அத்தை. கல்யாணத்தில் அப்பாவின் சகோதரிக்குத்தான் முதல் இடம், முதல் பாய், முதல் பன்றித் தொடை. யாருக்குக் கல்யாணம் என்பதெல்லாம் அப்புறம்.

"ரெண்டு பேரும் முத்தம் குடுக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லையா?" கிரெய்க் ஏமாற்றமாகக் கேட்டார். "கட்டிப்பிடிச்சுக்கிட்டு? கையாவது பிடிச்சுக்கிட்டு?"

"உள்ள பாதிரியார் உக்காந்திருக்காரு. வெளிய எங்க அண்ணன் நிக்கறாரு. யாராவது முத்தம் குடுப்பாங்களா சார்?"

"கல்யாணத்துல குடுக்காம வேற எங்க குடுப்பீங்க?"

அதற்கு லோசாவிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை.

பிறகு கிரெய்க், இருவரும் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகளைக் கேட்டார். அதையும் காட்டினாள். 'கறுப்புப் பன்றி குட்டி போட்டது.' 'எத்தனை?' 'ஏழு. ஒன்று நோஞ்சான்.' 'அதைத் தனியாக வை.' இப்படியே வருஷம் பூராவும் போனது. கிரெய்க் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல காதல் எங்கம்மா இருக்கு?"

"இந்தப் பன்னியெல்லாம் எங்க புள்ளையோட முதல் பிறந்தநாள் விருந்துக்கு."

"புள்ள இருக்கா?"

"இன்னும் பொறக்கல. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்."

பிறக்காத பிள்ளையின் விருந்துக்கு இன்றைக்கே பன்றி வளர்க்கிற ஒருத்தனைவிடப் பெரிய காதலன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று லோசாவுக்குத் தெரியவில்லை. ஆனால் இலாகாவின் அகராதியில் காதல் என்றால் இதயப் பொம்மை போட்ட செய்தி. பன்றி அதில் சேராது.

சரி, சாட்சிகளாவது பலமாக இருக்கட்டும் என்றார் கிரெய்க். இவர்கள் புருஷன் பெண்சாதிதான் என்று உறுதி சொல்லும் பிரமாணப் பத்திரம் இரண்டு வேண்டும். ஒன்று, சிட்னியிலேயே இருக்கும் வீக்கா அத்தை கொடுத்தாள். அதில் கல்யாணத்தன்று தனக்கு வந்த பாய்கள் யார் யார் நெய்தவை, எவ்வளவு நீளம், எந்தப் பாய் வரவேண்டியது வராமல் போனது என்பதெல்லாம் விவரமாக இருந்தது. மாப்பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரி: 'பையன் பரவாயில்லை.'

"இன்னொண்ணு உங்க அண்ணன்கிட்ட வாங்கிடலாம்," என்றார் கிரெய்க். "ஒரே வீட்டு மனையில இருக்கீங்க. போன வருஷம் உங்க புருஷன் விசிட்டர் விசாவுல வந்து மூணு மாசம் தங்கினப்போ அவரும் அங்கதானே இருந்தாரு? இதவிட நல்ல சாட்சி கெடைக்குமா!"

லோசா ஆல்பத்தை மூடினாள். "அண்ணன் வேண்டாம் சார்."

"ஏன்? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. ரொம்ப மரியாதை."

கிரெய்க் எல்லாம் புரிந்துவிட்டவர் போலத் தலையாட்டினார். குடும்பத்தில் பேச்சுவார்த்தை இல்லை என்று முடிவுகட்டிவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மரியாதை என்றால் கிரெய்க்குக்கு எப்படித் தெரியும்? அண்ணன் கெலெப்பி லோசாவைவிட ஐந்து வயது மூத்தவன். ஆனாலும் அவளை 'நீங்க' என்றுதான் சொல்வான். டோங்காவில் அண்ணனுக்கும் மேலே தங்கை. கூடப் பிறந்தவள் இருக்கும் கூரையின் கீழே ஆண்பிள்ளை படுக்கக்கூடாது என்பதால், அவள் சிட்னிக்கு வந்த அன்றே பெரிய வீட்டை அவளுக்கு விட்டுவிட்டுத் தான், வீட்டை ஒட்டித் தனிக்கூரையோடு இருந்த, கார் நிறுத்தும் கொட்டகையில் அட்டைத் தடுப்பு அடித்துக் குடியேறிவிட்டான். இருவரும் சேர்ந்து டி.வி. பார்ப்பது ரக்பி மட்டும்தான். அதிலும் நடுவே பியர் விளம்பரத்தில் ஒரு பெண் தோளை அசைத்தால் போதும், கெலெப்பி எழுந்து வெளியே போய் மழை வருகிறதா என்று பார்ப்பான். அப்படிப்பட்டவனிடம் போய், 'நானும் என் புருஷனும் தாம்பத்தியம் நடத்துகிறோம், பார்த்தேன் என்று கையெழுத்துப் போடு' என்று தங்கை எப்படிக் கேட்பாள்? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அவன் கல்யாணத்துக்கு வராமலில்லை. விடியற்காலை முதல் சாயங்காலம் வரை வேலிக்கு வெளியே நின்று பன்றி சுட்டான். புகையில் கண் சிவந்து, கைமயிர் பொசுங்கி, எல்லோரும் தின்று முடித்த பிறகு கடைசியாகத் தின்றான். தங்கைக்கு அண்ணன் செய்யவேண்டியதைச் செய்தான். மணமேடைப் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அதுவும் செய்யவேண்டியதுதான்.

கடைசியில் கிரெய்க்கே அண்ணன் பெயரில் பத்திரத்தை எழுதிவிட்டார். எல்லா வாடிக்கையாளருக்கும் எழுதுகிற அதே பாட்டு: 'இவர்களது அன்பான இல்லறத்தை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன், ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துச் சிரிப்பதை ரசித்திருக்கிறேன்...' அத்தை அதை எடுத்துக்கொண்டு கெலெப்பியோடு மருந்துக்கடைக்குப் போனாள். அந்த நாட்டில் சாட்சிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மருந்துக்கடைக்காரருக்கும் உண்டு; அவர், "படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாராம். கெலெப்பி தொப்பியைக் கழற்றிக் காகிதத்தின் மேல் பாதியை மூடிவிட்டு, கண்ணைக் கீழ்க்கோட்டில் மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட்டானாம். "என் தங்கச்சி விஷயத்த நான் எதுக்குப் படிக்கணும்? இது என்ன செய்தித்தாளா?" என்று கேட்டானாம். அத்தை வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். லோசாவும் சிரித்தாள். அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து கிரெய்க் போன் செய்தார். குரலில் பிஸ்கட் இல்லை.

"உங்க அண்ணன் என்ன பண்ணியிருக்காருன்னு தெரியுமா?"

"என்ன?"

"அதிகாரி போன் பண்ணி விசாரிச்சிருக்காங்க. உங்கள எந்த ஆம்பளையோடயும் பாத்ததே இல்லன்னு சொல்லியிருக்காரு. நீங்க அப்படிப்பட்ட பொம்பளயே இல்லையாம். வீட்டுக்கு எவனும் வந்ததில்லையாம். கையெழுத்துப் போட்ட பத்திரத்தப் படிக்கவே இல்லையாம். கல்யாணத்துக்குப் போனீங்களான்னு கேட்டா, பன்னி சுட்டேங்கறாரு!"

லோசா டியூட்டியில், குழாயை மூட மறந்து போனோடு நின்றாள். குளிக்கவைத்துக்கொண்டிருந்த கிழவர் தலையில் ஷாம்பு நுரையோடு, "நான் இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே இருக்கணும்?" என்று கத்தினார்.

"இப்ப அவங்க என்ன நினைக்கறாங்கன்னா," கிரெய்க் தொடர்ந்தார், "இது போலிக் கல்யாணம், பத்திரமும் போலி. திருப்தியா ஒரு விளக்கம் குடுக்கலன்னா கதை முடிஞ்சுது. மறுபடி போட முடியுமான்னுகூட சொல்ல முடியாது."

மறுபடி போட்டு, மறுபடி காத்திருந்தால், நாற்பதைத் தாண்டிவிடும். லோசா கணக்குப் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அது எப்போதும் அவள் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிற கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் வீக்கா அத்தை கெலெப்பியைக் கார்கள் நிற்கும் இடத்தில் மடக்கினாள். லோசா காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிவிட்டு, எதிர்ப்பக்கம் இருந்த குப்பைத்தொட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கிறது என்று அண்ணனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தால்தான் அவன் பேசுவான். அதனால் மூன்று பேரும் ஒத்துழைத்தார்கள்.

"என்னடா சொன்னே அந்தப் பொம்பளகிட்ட?"

"எவளோ ஒருத்தி போன் பண்றா அத்தை. வேலை நேரத்துல. நான் கோடவுன்ல சரக்கு தூக்கற மெஷின் மேல உக்காந்திருக்கேன், சரக்கு அந்தரத்துல நிக்குது. உன் தங்கச்சியும் அந்த ஆளும் ஒண்ணா இருக்கறத நேர்ல பாத்திருக்கியாங்கறா. ஆம்பள எவனாவது கேட்டிருந்தா அவன் வாயில பல்லு இருந்திருக்காது. பொம்பளயாச்சேன்னு மரியாதையா பதில் சொன்னேன்."

"என்ன பெரிய மரியாதை?"

"எங்க வீட்டுப் பொம்பள அப்படிப்பட்டவ இல்லம்மான்னேன். வேற என்ன சொல்லணும்?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு மானமுள்ள எந்த அண்ணனும் சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பான். சாட்சி வலுவாக இருக்கட்டும் என்று, உலகத்திலேயே இதைப் பார்க்கக்கூடாத ஒரே ஒருத்தனைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள்.

"மறுபடியும் கேப்பா. எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லு."

"என்ன வேணும்னா அடிங்க அத்தை. அது மட்டும் முடியாது."

"அவ வயசு என்னடா? அவளுக்குப் புள்ள வேண்டாமா?"

கெலெப்பி ஷூ முனையால் தார்த்தரையைத் தேய்த்தான்.

"மாமன்னு உன் மடியில ஏறி உக்காந்து, உன் தட்டுலேர்ந்து இருக்கறதுலயே நல்ல கறித்துண்டா எடுத்துத் திங்க ஒரு புள்ள வேண்டாமா? உன் சொத்தையெல்லாம் உரிமையா பிடுங்கிக்க ஒண்ணு வேண்டாமா? இப்படியே கொட்டகையில ஒத்தையா செத்துப் போகப்போறியா?"

டோங்காவில் தங்கை பிள்ளைக்கு மாமனிடம் எதையும் எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அதைத் தொல்லை என்று சலித்துக்கொள்ளாத மாமன் இல்லை. அந்தத் தொல்லைக்கு ஏங்காத மாமனும் இல்லை. கெலெப்பி ஷூவைத் தேய்ப்பதை நிறுத்தினான். பிறகு, "எப்ப போன் வரும்?" என்றான். குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த லோசாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

போன் செவ்வாய்க்கிழமை காலை வந்தது. இருவரையும் ஒரே இணைப்பில் வைத்துத்தான் பேசுவேன் என்று அதிகாரி சொல்லிவிட்டாள். தனித்தனியாகக் கேட்கும்படி லோசா கிரெய்க்கிடம் கெஞ்சிப் பார்த்தாள். "உங்களுக்கு மறைக்க ஒண்ணுமில்லன்னா ஏன் பயப்படறீங்க?" என்று அவர் கேட்டுவிட்டார். மறைக்க ஒன்றுமில்லாத குடும்பம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாராவது காட்டினால் தேவலை.

லோசா சமையலறையில், மேஜைமேல் போனை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அத்தை துணைக்கு வந்து, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கெலெப்பி வேலைக்கு லீவு போட்டுக் கொட்டகையில் தன் போனோடு இருந்தான். அவன் தொண்டையைக் கனைத்தது முதலில் சுவர் வழியாகக் கேட்டது, பிறகுதான் போனில் கேட்டது. அந்த அட்டைத் தடுப்புக்கு இப்படி ஒரு குணம் இருப்பதை லோசா அன்றுதான் கவனித்தாள்.

அதிகாரியின் குரல் தேன். "மிஸ்டர் கெலெப்பி, உங்க தங்கச்சியும் லைன்ல இருக்காங்க. மனசுல இருக்கறத தாராளமா சொல்லலாம். போன வருஷம் சேமிசி இந்த வீட்டுல தங்கினாரா?"

"தங்கினாரு."

"அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"என் வேன்ல. கோடவுன் வாசல்ல நிறுத்தி அதுலயே படுத்தேன்."

"மூணு மாசமும் வேன்லயா? ஏன்? மச்சானைப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்ன. நல்ல பையன்."

"அப்ப ஏன் சார் வேன்ல?"

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அத்தையின் கத்தி வெண்ணெயில் நின்றது.

"மேடம், என் தங்கச்சி இருக்கற வீட்டுல ஒரு ஆம்பள ராத்தங்கறான். அவன் அவங்களுக்குப் புருஷன் இல்லன்னா, நான் வேன்ல தூங்கியிருக்க மாட்டேன். ஜெயில்ல தூங்கியிருப்பேன்."

அத்தை, "அப்படிச் சொல்லுடா என் சிங்கம்!" என்று மேஜையைத் தட்டினாள். லோசா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். இவ்வளவு போதும் என்று மனசுக்குள் கும்பிட்டாள். மனிதர்களாக இருந்தால் இது போதும்.

அதிகாரிக்குப் போதவில்லை. "புரியுது. ஆனா இது உங்க ஊகம்தானே? அவங்க ஒரே படுக்கையில தூங்கினாங்கன்னு உங்களுக்கு நேரடியா தெரியுமா?"

"மேடம், வேண்டாம்," என்றாள் லோசா.

"நீங்க குறுக்கிடக் கூடாது. சார், நேரடியா தெரியுமா? தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிடுங்க. அப்படியே எழுதிக்கறேன்."

தெரியாது என்றால் தீர்ந்தது. அது சுவருக்கு இரண்டு பக்கத்திலும் தெரியும். லோசா காதைப் பொத்திக்கொள்ளக் கையைத் தூக்கினாள். முந்திக்கொண்டு சுவர் பேசிவிட்டது.

"மொத நாள் நான் இங்கதான் படுத்திருந்தேன். இந்தச் சுவரு அட்டை. அந்தப் பக்கம் அவங்க ரூம்." நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. "எனக்குக் கேட்டுது. அதனாலதான் வேனுக்குப் போனேன். போதுமா?"

"ரொம்ப நன்றி சார், ரொம்ப உதவியா இருந்துது," என்றது தேன்.

அந்தப் பக்கம் போன் எங்கோ விழுகிற சத்தம் கேட்டது. பிறகு கொட்டகைக் கதவு. பிறகு வேன் கிளம்பியது. லோசா முகத்தை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டாள். காது மடல் வரை கொதித்தது. வெட்கமென்றால் சாதாரண வெட்கமில்லை. தெருவில் துணியில்லாமல் நிறுத்தப்பட்டவளின் வெட்கம். அவளை மட்டுமா நிறுத்தினார்கள்? அவனையும் சேர்த்து நிறுத்தினார்கள். அத்தைகூட வெண்ணெய் தடவின ரொட்டியைத் திருப்பிப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் விசா வந்தது. கிரெய்க் குதூகலமாகப் போன் செய்தார். அதிகாரி பைலில் எழுதியிருந்ததை எப்படியோ தெரிந்துகொண்டு அதையும் சொன்னார்.

"உங்க அண்ணன்தான்மா காப்பாத்தினாரு! என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? சாட்சிக்கும் தங்கைக்கும் உறவு சுமுகமா இல்ல, தங்கைக்கு உதவணும்னு அவருக்கு துளிகூட விருப்பமில்ல, அதனால அவரு சொன்னத நம்பலாமாம்! நீங்க ரெண்டு பேரும் பேசிக்காதது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தீங்களா?"

லோசா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். புருஷன் வரப்போகிறான். உடனே அவனுக்குச் சொன்னாள். அவன் அந்தப் பக்கம் ஆனந்தத்தில் ஊளையிட்டான். பன்றிகளும் சேர்ந்து கத்தின. அவளுக்கும் சந்தோஷம் பொங்கிக்கொண்டுதான் வந்தது. அதைப் போய்ச் சொல்ல வேண்டிய இடம் கொட்டகை. அந்தப் பக்கம் கால் போகவில்லை.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு கெலெப்பி அவள் டியூட்டிக்குப் போன பிறகு வருவான், அவள் வருவதற்குள் போய்விடுவான். புல் வெட்டியிருக்கும். குப்பைத்தொட்டி தெருவில் வைத்திருக்கும். ஆள் மட்டும் கண்ணில் படமாட்டான். பிறகு ஒருநாள் அத்தை வந்து விஷயத்தைச் சொன்னாள். வடக்கே வெகுதூரத்தில், குயின்ஸ்லாந்தில் ஒரு வாழைத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. சனிக்கிழமை கிளம்புகிறான்.

"போக வேண்டாம்னு சொல்லுங்க அத்தை. நீங்க சொன்னா கேப்பாரு."

"சொல்லாம இருப்பேனா? என் வார்த்தைய இந்தப் பய மீறினது இதான் மொத தடவை. 'அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது, அவங்க புருஷன் மூஞ்சில எப்படி முழிக்கறது'ங்கறான்."

"நானே போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவே? போகாதீங்கன்னு சொல்லணும்னா எதுக்குப் போறீங்கன்னு கேக்கணும். அத எந்த வாயால கேப்பே?"

இலாகாக்காரி நாக்கூசாமல் கேட்டுவிட்டாள். லோசாவால் முடியவில்லை.

சனிக்கிழமை காலை அவன் வேனில் கட்டிலையும் டி.வி.யையும் ஏற்றிக்கொண்டிருந்தபோது, சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் டின் மாட்டிறைச்சியும் வைத்துக் கட்டி வேகவைத்த பொட்டலங்களை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு போனாள். இருவரும் வேனின் இரண்டு பக்கமாக நின்றார்கள். நடுவே இருந்த கட்டில் சட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

"சாப்பாடு வச்சிருக்கேன்."

"சரிங்க."

"ராத்திரி ஓட்டாதீங்க. ரோட்டுல கங்காரு குறுக்க வரும்."

"ஓட்டலைங்க."

"அங்க மழை ஜாஸ்தியாம்."

"ஆமாங்க. வாழைக்கு நல்லது."

அவன் கூடையை வாங்கி முன்சீட்டில் வைத்து, கவிழாமல் இருக்க அதற்கு பெல்ட் மாட்டினான். கொட்டகைச் சாவியை அவள் கையில் கொடுக்காமல் படிக்கட்டில் வைத்தான். வேன் முனை திரும்பும்வரை லோசா கையசைத்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்க்காமலிருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்தும் அழுகை வந்தது.

சேமிசி புதன்கிழமை மத்தியானம் வந்து இறங்கினான். தேவாலயத்துச் சனம் பாதி விமான நிலையத்தில் நின்று மாலை போட்டது. அத்தை அவன் பெட்டியை அங்கேயே திறந்து, தனக்கு வந்த பாயை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து, எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்து, அறைக் கதவைச் சாத்தியபோது இன்னும் இருட்டவில்லை. சேமிசி அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, காதுக்குள் குசுகுசுவென்று என்னவோ சொன்னான்.

"என்ன சொல்றே? கேக்கல."

அவன் கண்ணால் கொட்டகைப் பக்கத்துச் சுவரைக் காட்டினான். விரலை உதட்டில் வைத்தான்.

"சத்தமாவே பேசு," என்றாள் லோசா. "அந்தப் பக்கம் யாரும் இல்ல."